பதினாறு காடி வளையமும் ஒரு கறுப்புப் பொட்டும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷங்களை ஓட்டிவிட்டேன். மகளுடைய பழைய பள்ளி நோட்டில் மூன்று தடவை ஆரம்பித்து, மூன்று தடவையும் கிழித்து அடுப்பில் போட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் எழுத்துப் பிழைக்கு நான் பயப்படவில்லை. நான் வைத்த ஒரு பொட்டைப் பற்றி இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பொட்டால் இன்னொருவர் மேல் விழுந்த பழியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாமி கும்பிடுகிறவர்களைக் கேலி செய்ய இது வசதியாகிவிடுமோ என்ற தயக்கமும் இருந்தது. பழமலைநாதர் சந்நிதியில் நின்று கேட்டுவிட்டு வந்துதான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. ஊறுகாய் ஜாடி, பொம்மை, மின்சாரப் பெட்டிக்கான பியூஸ் கட்டை எல்லாம் செய்கிறோம். மண் கூழை அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுப்பார்கள். எடுத்த உருவை, பாதி காய்ந்த பதத்தில் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்குத் தயார் செய்வது என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே ஒரு உருவில் இன்னும் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது.

மண் கூழ் தயார் செய்தவர் ஒரு பாய். வெள்ளை மண்ணைத் தண்ணீர் விட்டுக் கலக்கி, சல்லடையில் வடித்து, ஒரு மரத் தொட்டி வழியாக ஓட விடுவார். அந்தத் தொட்டியின் அடியில் வரிசையாகக் காந்தங்கள் இருக்கும். மண்ணில் எங்கேயாவது இரும்புத் தூசி இருந்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும். தப்பிப் போனால் சூளையில் வெந்து, வெள்ளைப் பீங்கானில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். பாய் தினமும் பிஸ்மில்லா சொல்லித் தொட்டியைத் திறப்பார். சாயங்காலம் காந்தங்களைத் துணியால் துடைத்து, வந்த தூசியை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைப்பார். எதற்கு என்று கேட்டால், "எவ்வளவு கெட்டது வெளியில போச்சின்னு எனக்கே ஒரு சாட்சி வேணுமில்ல" என்பார்.

ஒருநாள் காலையில் முதலாளி ஒரு பெண்ணைக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும், இன்ஜினியர். பெங்களூரில் சிலர் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிற மிஷினை இங்கேயே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இந்தப் பெண்ணும் ஒருத்தி. முழங்காலைப் படம் பிடிப்பதற்காக மிஷினுக்குள் வைக்கும் ஒரு கூண்டு அவளுடைய பொறுப்பு. மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், ஒவ்வொன்றிலும் பட்டை பதிவதற்கு வெட்டிய பதினாறு காடி. காடிக்குக் காடி செம்புப் பட்டை ஓடினால் கூண்டு ஆகிவிடும். அந்த இரண்டு வளையங்களும் பீங்கானில் வேண்டும் என்று வரைபடத்தை விரித்தாள்.

"இது என்னா பண்ணும்மா?" என்று நான்தான் கேட்டேன்.

"பெரிய காந்தத்துக்குள்ள ஆளப் படுக்க வைப்போம்க்கா. ஒடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் அந்தக் காந்தத்துக்குக் கட்டுப்பட்டு நிக்கும். இந்தக் கூண்டு வழியா ரேடியோ அலைய அனுப்பி அதை லேசா ஆட்டி விட்டா, அது திரும்பச் சத்தம் குடுக்கும். அந்தச் சத்தத்தக் கேக்கிற காதும் இதே கூண்டுதான். அதை வச்சித்தான் படம்."

"பிளாஸ்டிக்குல பண்ணக் கூடாதா?" என்றார் முதலாளி. வந்த வேலையைத் தானே திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று இருந்தது எங்களுக்கு.

"பண்ணலாம் சார், நெறைய பேரு பண்றாங்க. ஆனா சூட்டுல பிளாஸ்டிக்கு லேசா இளகும். பட்டை ஒரு மயிரிழை நகந்தாலும் சுருதி போயிடும். அதுவும் இல்லாம பிளாஸ்டிக்கும் தன் பங்குக்கு முனகும். பீங்கான் அசையாது, வாயும் தொறக்காது."

"இந்தக் கம்பெனியில வாயத் தொறக்காம வேல பாக்கறது பீங்கான் மட்டும்தான்மா" என்றார் பாய். முதலாளியே சிரித்துவிட்டார்.

அந்தப் பெண் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். இரும்பு ஆகவே ஆகாது. கடுகளவு இருந்தாலும் அந்தப் பெரிய காந்தத்துக்குள் அது தனியாக ஒரு ஆட்டம் போடும். சொல்லிவிட்டுப் பாயிடம் ஒரு சின்னக் காந்த வில்லையைக் கொடுத்தாள். பொத்தான் அளவுதான். ஆனால் இரும்பு மேசையில் வைத்துவிட்டு எடுக்க நான் இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

சூளையில் மண் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று அவள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, சுடாத பச்சை வளையத்தின் அளவைக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"கணக்கு சரிதான்மா. ஆனா வளையம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. அடி விளிம்பு சூளைத் தட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கும், மேல் விளிம்பு மட்டும் உள்ள வாங்கும். ஒங்க காடியெல்லாம் சாஞ்சி போவும்."

"அப்ப என்னக்கா பண்றது?"

"அதே மண்ணுல அடியில ஒரு வளையம் செஞ்சி, அது மேல இத வச்சி சுடணும். ரெண்டும் சேந்து சுருங்கும். அடி வளையத்தத் தூக்கிப் போட்டுடலாம்."

அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை ஒரு இன்ஜினியர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டில் நான் ஊற்றிய தோசை எல்லாம் ஒரே அளவாக வந்தது.

முதல் வளையம் நன்றாகத்தான் எழுந்தது. பொம்மைக்குக் கண் எழுதுகிற பெண் வந்து பார்த்து, "யக்கா, கொலுசாட்டம் இருக்குதே! ஊரு கண்ணே படும் போலருக்குது" என்றாள். சூளையிலிருந்து எடுத்தபோது குறுக்கே விரிசல். இரண்டாவதைச் செய்தேன். அவள் மறுபடியும் வந்தாள், மறுபடியும் மெச்சினாள், மறுபடியும் விரிசல். மின்விசிறிப் பக்கம் இருந்த பாதி சீக்கிரம் காய்ந்ததுதான் காரணம் என்று என் கைக்குத் தெரியும். மூன்றாவதை மூலையில் வைத்து, ஈரத்துணி போர்த்தி, மெதுவாகக் காயவிட்டேன். கைக்கு அது போதும். மனசுக்குப் போதவில்லை.

எங்கள் கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. புது அச்சில் எடுக்கிற உருவுக்குக் கண்ணேறு படாமல் ஒரு கறுப்புப் பொட்டு வைப்போம். குழந்தை கன்னத்தில் மை வைக்கிற மாதிரி. கண் மை சூளையில் எரிந்து போய்விடும் என்பதால், பொம்மைக் கண்ணுக்கு எழுதும் கறுப்புச் சாயத்தைத்தான் தொட்டு வைப்பது. அது வெந்தாலும் போகாது. ஜாடிக்கு அடியில், பொம்மைக்கு முதுகில் வைப்போம். யாரும் குறை சொன்னதில்லை.

வளையத்தில் எந்தக் குறியும் கூடாது என்று வரைபடத்தில் இருந்தது. அதனால், பிடித்துப் பொருத்துவதற்காக வெட்டியிருந்த பள்ளத்திலிருந்து இடப்பக்கம் மூன்றாவது காடிக்குள், செம்புப் பட்டை மூடிவிடும் இடத்தில், ஈர்க்குச்சி நுனியால் கடுகளவுக்கு ஒரு பொட்டு வைத்தேன். பழமலைநாதா, இதையாவது முழுசாக வெளியே கொடு என்று கும்பிட்டுச் சூளைக்கு அனுப்பினேன். இரும்பு ஆகாது என்று அந்தப் பெண் சொன்னது அப்போது நினைவில் இல்லாமல் இல்லை. இரும்பு என்றால் எனக்கு ஆணி, கத்தி, கடப்பாரை. சாயம் வெறும் சாயம்தான்.

வளையம் முழுசாக வந்தது. அதன் ஜோடியும் பொட்டு இல்லாமலே முழுசாக வந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. இரண்டையும் வைக்கோலில் பொதிந்து பெங்களூருக்கு அனுப்பினோம்.

சில வாரம் கழித்து போன் வந்தது. முதலாளி எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். பாராட்டு வரும் என்று நினைத்திருப்பார்.

"சார், கூண்டு நல்லா பேசுது. ஆனா படத்துல ஒரு எடத்துல ஓட்டை" என்றாள் அந்தப் பெண். "தண்ணி பாட்டிலத்தான் வச்சிப் படம் எடுத்தோம். வட்டமா வெள்ளையா வரணும். ஓரத்துல பூச்சி அரிச்ச மாதிரி கறுப்பா இருக்கு. வளையத்தத் திருப்பி வச்சா ஓட்டையும் கூடவே திரும்புது. அதனால குத்தம் வளையத்துலதான். ஒரு காடியில கறுப்பா ஒரு புள்ளி இருந்துது, நான் அப்பவே பாத்தேன். மண்ணுல இருந்த இரும்புதான் சார் அது."

நான் பொம்மைக்குக் கண் எழுதும் மேசையைத் திரும்பிப் பார்த்தேன்.

"இந்த மண்ணு வேலைக்கு ஆவாதுன்னு எங்க பெரியவங்க சொல்றாங்க. வெளிநாட்டுலருந்து வாங்கிக்கலாம்னு முடிவு. சனிக்கிழமை நான் எழுதிக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பீங்கான் தொழிலில் கறுப்புப் புள்ளி என்றால் ஒரே அர்த்தம்தான். காந்தத்தைத் துடைக்கவில்லை. முதலாளி நேரே கூழ்த் தொட்டிக்குப் போனார்.

"வயசாயிடுச்சி பாய். கண்ணு தெரியல போலருக்குது. நாளைலருந்து மண்ணு வேலைய வேற ஆளு பாக்கட்டும். நீங்க வைக்கோல் கட்டுற எடத்துல ஒக்காருங்க."

பாய் பவுடர் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்புத் தூசி பாதிக்கு மேல் இருந்தது.

"கண்ணு தெரியலன்னு சொல்லுங்க, ஏத்துக்கறேன். காந்தத்தத் தொடைக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க மொதலாளி."

"அப்ப புள்ளி எங்கருந்து வந்துது? ஆகாசத்துலருந்தா?"

பாய் டப்பாவை மூடிக்கொண்டு போனார். எனக்குப் பதில் தெரியும். கையில் இருந்த ஸ்பாஞ்சை மறுபடி மறுபடி பிழிந்துகொண்டு நின்றேன்.

மறுநாள் பாய் வைக்கோல் பக்கம் உட்கார்ந்திருந்தார். புதிதாகத் தொட்டியைத் திறந்தவன் செருப்புக் காலோடு ஏறி நின்றான். பாய் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. யாரும் பேசவும் இல்லை. நான் கொண்டுபோன சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். பொட்டு சாயம்தானே, சாயத்தில் இரும்பு ஏது, வேறு ஏதாவது புள்ளியாக இருக்கும் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, காலையில் கோயிலுக்குப் போகிறேன் என்றேன். ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர், ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கோயிலுக்குப் போயி என்னான்னு வேண்டப் போற?"

"அது என் பொட்டா இருக்கக் கூடாதுன்னுதான்."

"ஒன் பொட்டு இல்லன்னா, அது பாய் தப்புன்னு ஆவுது. அதயா வேண்டப் போற?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் கோயிலுக்குப் போனேன். கும்பிட்டேன், எதையும் கேட்கவில்லை. திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு கம்பெனிக்கு வந்தேன்.

டீ நேரத்தில் எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். கூழ்த் தொட்டி ஜன்னலில் அந்தக் காந்த வில்லை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பொம்மைக்குக் கண் எழுதும் மேசைக்குப் போனேன். சாயத்தைக் குழைக்காமல் பொடியாக ஒரு கிண்ணத்தில் வைத்திருப்பார்கள். வில்லையைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். பொடி பூனை முதுகு மாதிரி சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. பிறகு கொத்தாகத் தாவி வில்லையில் ஒட்டிக்கொண்டது.

அதைத் துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றேன். பாயையும் கூப்பிட்டேன். டீ குடித்தவர்களும் வந்துவிட்டார்கள்.

"மண்ணுல குத்தம் இல்லைங்க. பாய் மேலயும் குத்தம் இல்லைங்க. மூணாவது காடியில பொட்டு வச்சது நானு."

"என்னா பொட்டு?" என்றார் முதலாளி.

"திருஷ்டிப் பொட்டுங்க. பொம்மைக் கண்ணு சாயத்துல. அதுல இரும்பு இருக்குது, தோ பாருங்க."

முதலாளி என் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெங்களூருக்கு அனுப்புகிற சாமானுக்குத் திருஷ்டிப் பொட்டா என்று அவர் கத்தியது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். கத்தட்டும் என்று நின்றேன். உண்மையைச் சொன்ன பிறகு எனக்குக் கால் நன்றாகவே ஊன்றியது. கத்தி முடிந்ததும், "போன் போடுங்க மொதலாளி. சனிக்கிழம நாளைக்குத்தான்" என்றேன்.

போட்டார். நானே பேசினேன். அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எந்தக் காடிக்கா?"

"புடிக்கிறதுக்கு வெட்டுன பள்ளத்துலருந்து எடப்பக்கம் மூணாவது. காடியோட அடியில, உள்ளொதுங்கி இருக்கும்."

"இருங்க, பாக்கறேன்." நடந்து போகிற சத்தம், கதவுச் சத்தம், பட்டையைக் கழற்றுகிற சத்தம் எல்லாம் கேட்டது. "அக்கா, அதே எடம்தான்! கருவி வச்சி அந்த எடத்தை மட்டும் சீவி எடுத்துட்டு, திரும்பப் படம் எடுக்கறேன். போனைப் பக்கத்துலயே வச்சிருங்க."

மத்தியானம் தாண்டிப் படம் வந்தது. முதலாளியின் போனில் எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தோம். கறுப்பில் ஒரு வெள்ளை வட்டம். ஓரத்தில் எங்கேயும் அரிப்பு இல்லை. பௌர்ணமி நிலா மாதிரி முழுசாக இருந்தது.

"நீங்க சொல்லலன்னா இந்த மண்ணே வேணாம்னு எழுதியிருப்பேன்க்கா" என்றாள் அவள். "இவ்வளவு சுத்தமான மண்ணு எங்களுக்கு இதுவரைக்கும் கெடைக்கல. யாரு கலக்குறாங்களோ அவங்களையே கலக்கச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் எல்லோரும் அதைக் கேட்டார்கள். முதலாளி பாயிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "நமாஸ் முடிச்சிட்டு தொட்டியப் பாருங்க பாய்" என்றார். பாய் தொழுதுவிட்டு வந்தார். முதல் வேலையாகச் செருப்புக் கால் நின்ற இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்.

நான் அவர் பக்கத்தில் போய், "ரெண்டு நாளு சொல்லாம இருந்துட்டேன் பாய்" என்றேன்.

அவர் வில்லையில் ஒட்டியிருந்த கறுப்பைத் துணியால் துடைத்து, டப்பாவில் தட்டினார். "ரெண்டு நாள்ல சொன்னீங்களே. சொல்லாமலே இருக்கறவங்கள எத்தினி பேரப் பாத்துட்டேன்" என்றார். பிறகு வில்லையை என் நெற்றிக்கு நேரே நீட்டி, "இனிமே இத வச்சிப் பாத்துட்டுதான் ஒங்கள உள்ள வுடுவேன்" என்றார்.

"திருநீறு ஒட்டாது பாய்."

"பாத்துடுவோமே." நிஜமாகவே வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. கண் எழுதும் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதன் பிறகு பல ஜோடி வளையங்கள் செய்தோம். இப்போதும் செய்கிறோம். என் வழக்கத்தை நான் விடவில்லை. பொட்டு இப்போது காயவைக்கிற மரப்பலகைக்கு, வளையத்துக்கு இல்லை. பலகை பெங்களூருக்குப் போவதில்லை. காற்றும் ஈரமும் என் கை பார்த்துக்கொள்ளும். மற்றதைச் சாமி பார்த்துக்கொள்ளும். யார் எதைப் பார்ப்பது என்பதில் எங்களுக்குள் இப்போது குழப்பம் இல்லை.

பாய் பிற்பாடு, மூட்டு வலி தாளாமல், தானாகவே வேலையை விட்டு நல்லூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இந்தக் கதை அதோடு அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சிராமிக்கு கம்பெனியில ஒரு பாயி மண்ணுல இரும்பக் கலந்துட்டாராம். ஸ்கேன் மிஷினே வெடிச்சிப் போச்சாம். அதான் அவர நிறுத்திட்டாங்க."

"அது இல்லடி. யாரோ சாமி பொட்டு வச்சாங்களாம். மிஷினுக்குள்ள பழமலைநாதரே தெரிஞ்சாராம்."

"அந்தப் பொட்டு வச்சது நான்தாங்க" என்று பின்னாலிருந்து சொன்னேன். இரண்டு பேரும் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நம்பின மாதிரித் தெரியவில்லை. அதற்குள் அவர்கள் இறங்குகிற இடம் வந்துவிட்டது.

அதனால்தான் எழுதினேன். படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது இருக்கிறபடியே சொல்லுங்கள். மிஷின் வெடிக்கவில்லை. சாமி உள்ளே தெரியவில்லை. தெரிந்தது ஒரு பாட்டில் தண்ணீர். பாய் கலக்கிய மண்ணில் கடுகளவு இரும்பும் இல்லை. இடப்பக்கம் மூன்றாவது காடியில் பொட்டு வைத்தவள் நான், இரண்டு நாள் சொல்லாமல் இருந்தவளும் நான். சுருக்கிச் சொல்வதென்றால் வேறு எதை வேண்டுமானாலும் விட்டுவிடுங்கள். அந்த இரண்டு நாளை விட்டுவிடாதீர்கள்.